கடதாசியிற் சமையும் இயந்திர மாந்தர்

திரைப்படங்களில் உலாவும் இயந்திர மாந்தரைக் கடதாசியிற் சமைத்து மேசைமீது நிறுத்துதல் இந்நாளில் இளைஞர் பலர் விரும்பும் கைப்பணியாகும். பிறர் வரைந்த தாள்களைக் கணினியினின்று அச்சிட்டு, வெட்டி, ஒட்டுதலே போதுமென அவருட் பெரும்பாலார் கருதுவர். அது கைக்குப் பயிற்சி தருமேயன்றிக் கருத்துக்கு அதிகம் தராது. உருவை ஆராய்ந்து, அதனைத் தட்டையான தாளில் விரித்து வரைதலே இக்கலைக்கு உயிர். அப்பகுதியையே மாணாக்கரிடம் முதற்கண் ஒப்புவித்தல் வேண்டுமென்பது எமது துணிபு.

1977ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்ரார் வோர்ஸ்' படத்தில் வரும் ஆர்-டூ டி-டூ என்னும் குள்ளவுருவை அறியாதார் சிலரே. அதன் உடல் உருளை. தலை ஏறக்குறைய அரைக்கோளம். உருளையின் விட்டம் 10 சென்ரிமீற்றர் என்க. விரித்தால் 31.4 சென்ரிமீற்றர் நீளமுள்ள செவ்வகம் கிடைக்கும். ஏ4 தாளின் நீளமோ 29.7 சென்ரிமீற்றரே. ஆகவே உடலை இரு துண்டாக்கி, ஒட்டு முதுகுப்புறத்தில் விழுமாறு அமைத்தல் வேண்டும். அச்சிட்ட தாளை வெட்டுவோன் இத்தடையைச் சந்திப்பதேயில்லை. அவனுக்காக வேறொருவர் சிந்தித்துவிட்டார்.

தலையிலேதான் மெய்யான இடர் உளது. கோளப்பரப்பை நீட்டாமலும் கிழிக்காமலும் தளமாக்கல் இயலாதென்பது, 1827இல் கவுஸ் என்னும் ஜேர்மானியக் கணித மேதை வெளியிட்ட தேற்றத்தின் விளைவாகும். ஆதலின் ஓர் உபாயம் வேண்டும். அரைக்கோளத்தை 12 இதழ்களாகப் பிரித்தால் ஒவ்வோர் இதழின் அடியகலம் ஏறத்தாழ 2.6 சென்ரிமீற்றர். உயரம் எவ்வளவு? ஆரை 5 ஆதலின் உயரமும் 5 என்று சொல்லத் தோன்றும். பரிதியின் காற்பங்காகிய 7.85 என்பதே சரியான விடை. ஐந்தென வரைந்தவனுக்குத் தலை எழாது, தட்டம்போற் கிடக்கும். கேத்திரகணித நூலை மனனஞ் செய்தவனும் வில்லின் நீளம் வேறு, ஆரை வேறு என்பதை அப்பொழுதே கையால் உணர்வான். கைப்பணியை ஓர் அறையிலும் கணிதத்தை மற்றோர் அறையிலும் வைத்துப் புகட்டும் பள்ளிக்கூடங்களுக்கு இது நல்லதொரு பாலமன்றோ? கவராயமும் அடிமட்டமும் கத்தரிக்கோலும் பசையுமே செலவு.

கணினி நிரல் இவ்விரிப்பைக் கணப்பொழுதிற் செய்து தருமே என்பர் சிலர். தரும், மறுக்கவில்லை. ஆயினும், பொருத்துவாயை எங்கே மறைப்பதென்பது காண்பான் கண்ணைப் பொறுத்தது. அவ்வுருவின் தலையில் நீலப் பட்டைகள் உள. அவற்றின் ஓரத்திலே பொருத்துவாயை ஒளிப்பவனே வடிவமைப்பாளன். அட்டையின் தடிப்பும் அத்தகையதே. 0.25 மில்லிமீற்றர் தடிப்புள்ள அட்டையாலான உருளைக்குள் இன்னோர் உருளை இறங்கவேண்டுமாயின், உட்செல்வதன் நீளத்தை 1.6 மில்லிமீற்றரேனும் குறைத்தல் வேண்டும். ஒருமுறை நெருக்கிச் சுருங்கிய அட்டையைக் கண்டவன் இதை மறவான்.

தொடங்குவோர் 2008இல் வந்த 'வோல்-ஈ' படத்தின் நாயகனை எடுத்துக்கொள்ளலாம், அவனுடல் பெட்டியே. 1927இல் வெளிவந்த 'மெற்றோபொலிஸ்' படத்தின் இயந்திரப் பெண்ணை மட்டும் முதலிலே தொடவேண்டா. நடிகை பிறிகிற் ஹெல்மின் உடலளவுக்கு வார்த்த அச்சின்மீது, மரத்தூள் கலந்த பசையால் ஒரு சிற்பி சமைத்த கவசம் அது. திரையில் நாம் கண்ட உலோகம் வெறும் பூச்சே. அதில் வளையாத இடம் அரிது. கடதாசி அதற்கு இணங்கவேண்டுமாயின் எண்ணற்ற சிறு துண்டுகள் வேண்டும். ஒரு பள்ளி விடுமுறை அதற்குப் போதாது.