காரியும் ஜாக்கியும்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் ‘ஜாக்கி’ என்று சொன்னால், பஞ்சரான லாரியைத் தூக்கி நிறுத்தும் கருவிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சிலருக்கு உள்ளாடையின் பெயர் நினைவுக்கு வரலாம். பந்தயக் குதிரையின் முதுகில் குனிந்து நின்றபடி அதை ஓட்டிச் செல்லும் மனிதர் கடைசியாகத்தான் வருவார், வந்தால். ஆங்கிலத்தில் அந்தக் கருவிக்கும் இந்த ஆளுக்கும் வேர் ஒன்றே. ஜாக் என்பது அங்கே நம்மூர் முனுசாமி, மாரிமுத்து மாதிரி தெருவுக்குப் பத்துப் பேர் வைத்திருந்த பெயர். பெயர் கேட்கத் தேவையில்லாத எடுபிடி ஆளை அப்படிக் கூப்பிட்டார்கள். கடைசியில் குதிரை ஏறும் பையனுக்கு அதுவே தொழிற்பெயராக நிலைத்தது. 2024-இல் ஊட்டி ரேஸ் கோர்ஸையும், அடுத்து கிண்டி ரேஸ் கோர்ஸையும் தமிழக அரசு கையகப்படுத்த முனைந்தபோது ஏக்கர் கணக்கும் குத்தகை பாக்கியும் நாளிதழ்களை நிறைத்தன. அந்தப் புல்தரையில் தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்துக் குதிரை ஓட்டியவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. நிலம் யாருக்குப் போனாலும் போகட்டும். ஓட்டியவர்களின் நினைவைப் பத்திரப்படுத்துவது நம் கடமை என்பதே என் வாதம்.

கள்ளக்குறிச்சி வாசகரிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த மாவட்டத்துத் திருக்கோவிலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர். கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும் சிறுபாணாற்றுப்படை, காரியை இரவலர்க்குக் குதிரை கொடுத்த வள்ளலாகக் காட்டுகிறது. அவன் ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர். அவனோடு மோதிய கொல்லிமலை ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். ஏறியவனையும் ஏற்றிச் சென்றதையும் ஒரே சொல்லால் அழைத்த மரபு அது. பிற்காலத்துக்கு வந்தால் பக்கத்தில் செஞ்சி இருக்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இரண்டும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து மடிந்த தேசிங்கு ராஜாவின் கதைப்பாடலில், அவன் ஆண்ட காலத்தைவிட, யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையை அவன் அடக்கிய நேரம்தான் கேட்பவர் மனத்தில் நிற்கிறது. இந்தப் பக்கத்து ஊர் எல்லைகளில் ஐயனாருக்குச் சுடுமண் குதிரை செய்து வைப்பதும் தொடர்கிறது. குதிரையேற்றத்தைக் கொண்டாடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆனால், இந்த நினைவு வரிசையில் ஒரு பொது அம்சத்தைக் கவனிக்க வேண்டும். காரியும் தேசிங்கும் தங்கள் சொந்தக் குதிரையில் ஏறியவர்கள், ஐயனார் தெய்வம். குதிரையின் சொந்தக்காரரே அதில் ஏறிப் போகும்வரை அவரை நினைவில் வைக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. பிறருடைய குதிரையில் கூலிக்கு ஏறுகிறவருக்கு நம் நினைவில் இடமே ஒதுக்கப்படவில்லை. நவீனக் குதிரைப் பந்தயம் செய்த பெரிய மாற்றம் அதுதான்: முதலாளி மாடத்தில் உட்கார்ந்தார், ஜாக்கி சேணத்தில் ஏறினார், புகழ் மாடத்துக்குப் போனது. 1934-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை வின்ட்சர் லாட் என்ற குதிரை வென்றபோது, ராஜ்பிப்லா மகாராஜாவின் வெற்றியாகவே இந்தியா அதைக் கொண்டாடியது. ஓட்டியவர் சார்லி ஸ்மிர்க். 1943-இல் பம்பாயில் நடந்த முதல் இந்தியன் டெர்பியை பிரின்சஸ் பியூட்டிஃபுல் வென்றது. பரோடா மகாராஜாவின் குதிரை என்பதுதான் செய்தி. ஓட்டியவர் எட்கர் பிரிட் என்ற ஆஸ்திரேலியர். குதிரையை ஓட்டி எல்லையைக் கடந்தவர் இரண்டு இடத்திலும் அடிக்குறிப்பாகத்தான் மிஞ்சினார்.

ஓடுவது குதிரைதானே, மேலே இருப்பவர் வெறும் சுமைதானே என்று கேட்கலாம். பந்தயம் அமைக்கப்படும் விதமே இதற்குப் பதில் சொல்கிறது. ஹேண்டிகேப் முறையில், முன்பு நன்றாக ஓடிய குதிரை கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும். தேவையானால் சேணத்தில் ஈயத் தகடு செருகுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக வந்து எல்லையைத் தொட வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் நோக்கம். குதிரைகளின் பலத்தை இப்படிச் சமன் செய்துவிட்டால், மிச்சமிருக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு ஓட்டுபவரின் மூளையிலும் கையிலும்தான் இருக்கிறது. வேகத்தை எங்கே சேமிப்பது, வளைவில் உள்வேலியை ஒட்டிப் போவதா வெளியே விலகுவதா, எந்த இடத்தில் குதிரையை முழுவீச்சில் விடுவது என்பதையெல்லாம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்துக் குதிரையின் குளம்பு இடறும் தூரத்தில் முடிவு செய்ய வேண்டும். அமரும் முறைக்கே பந்தய நேரத்தைக் குறைக்கும் ஆற்றல் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்கர், அங்கவடியைக் குட்டையாக்கி, குதிரையின் கழுத்தோடு குனிந்து நிற்கும் முறையை இங்கிலாந்தில் பரப்பியபோது குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்று கேலி பேசினார்கள். அந்த முறை பரவிய காலத்தில் பெரிய பந்தயங்களின் நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்ததை, 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த லண்டன் ஆய்வாளர்களின் ஆய்வு எடுத்துக்காட்டியது. குதிரையின் ஒவ்வொரு பாய்ச்சலின் குலுக்கலையும் ஜாக்கி தன் முழங்காலிலேயே வாங்கிக்கொள்கிறார். அதனால் தன் எடையை அசைக்கும் வேலை குதிரைக்குக் குறைகிறது. சுமை என்று நாம் நினைத்தவர், தன்னைச் சுமையில்லாமல் ஆக்கிக்கொள்ளும் வித்தை தெரிந்தவர்.

இந்த வித்தையை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது, அதுவும் தமிழகத்து வழக்கில். 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1986-இல் சென்னை ரேஸ் கிளப்பை எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று சொல்லி 1986 சட்டத்தைச் செல்லாததாக்கியது. குதிரையின் தகுதி, சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவற்றோடு ஜாக்கியின் ஆற்றலையும் அது காரணமாக எண்ணியது. கிளப்பைக் காப்பாற்றிய வாதத்தில் ஒரு தூண் ஜாக்கி. அந்தத் தீர்ப்பைக் கிளப்பும் மேற்கோள் காட்டியது, பணம் கட்டுபவர்களும் மேற்கோள் காட்டினார்கள். தூணை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் திறமைக்கு உடல் கொடுக்கும் விலை கடுமையானது. ஐம்பது கிலோவை ஒட்டிய எடையில் ஆண்டுக்கணக்கில் உடம்பை நிறுத்திவைக்க வேண்டும். பந்தயத்துக்கு முன்பும் பின்பும் சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். பட்டினி, வியர்வை, தாகம் எல்லாம் தொழிலின் பகுதி. இங்கிலாந்தில் தொடர்ந்து 13 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த ஃபிரெட் ஆர்ச்சர், எடை குறைக்கும் போராட்டத்திலும் மனைவியை இழந்த துயரத்திலும் நொறுங்கி 1886-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 29. மும்பையின் இளம் நம்பிக்கையாகப் பேசப்பட்ட கார்ல் உம்ரிகர் 1979-இல் மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் குதிரையிலிருந்து விழுந்து, இருபது வயதுகூட நிறையாமல் இறந்தார். பந்தயத்தில் ஆம்புலன்ஸ் குதிரைகளின் பின்னாலேயே ஓடிவரும். வேலை நேரம் முழுவதும் ஆம்புலன்ஸ் பின்தொடரும் தொழில் வேறு எத்தனை இருக்கிறது?

வேறு நாடுகள் இந்த உழைப்பை எப்படி நினைவில் வைக்கின்றன என்று பார்க்கலாம். 4,870 பந்தயங்களை வென்ற கார்டன் ரிச்சர்ட்ஸ் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். 1953-இல் பிரிட்டன் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. 27 முறை கைநழுவிய எப்சம் டெர்பி அதே ஆண்டு 28ஆம் முயற்சியில் அவருக்குக் கிட்டியது. அங்கே முதியவர்கள் அவரைப் பற்றி நம்மூரில் பழைய நாதஸ்வர வித்வானைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்: கடிவாளத்தை எப்படிப் பிடித்தார், எந்த வளைவில் பொறுத்திருந்தார் என்று. இந்தியாவிலும் வசந்த் ஷிண்டே, பெஸி ஷ்ராஃப், அஸ்லம் காதர் எனப் பெயர்கள் உண்டு. சென்னையைச் சேர்ந்த ரூபா சிங், ஆண்களே நிறைந்திருந்த களத்தில் தொழில்முறைப் பெண் ஜாக்கியாக இறங்கி நூற்றுக்கணக்கான பந்தயங்களை வென்றவர். பெண் ஓட்டுநர் முதன்முதலாகப் பேருந்து ஓட்டினால் பக்கம் பக்கமாக எழுதும் நாம், அவரைப் பாடநூலின் ஓரத்தில்கூடச் சேர்க்கவில்லை.

ஜாக்கிகளை நினைவில் வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு எழும் முதல் எதிர்ப்பு நியாயமானது, கனமானதும்கூட. ரேஸ் குடும்பங்களைக் கெடுத்தது. தாலியை அடகு வைக்கச் செய்தது. அதை அன்போடு நினைப்பது எப்படி என்று கேட்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த ஊருக்கு, கெட்ட பழக்கத்தை இனிக்க இனிக்கப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்று யாரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் இதே பகுதி இன்னொன்றையும் அறியும். தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. அதனால் பனையேறியின் கால் வலுவும், பாளை சீவும் கைப்பக்குவமும் இல்லையென்று ஆகிவிடவில்லை. கள் வேண்டாம் என்பவரும் பனையேறியை மதிக்கிறார். அந்த அறிவு அழிந்துவிடக் கூடாது என்கிறார். ஜாக்கிக்கும் அதே நீதி பொருந்தும். பணம் கட்டும் சாளரத்தில் நடந்த கேட்டுக்கு, புல்தரையில் நடந்த வேலையைப் பொறுப்பாக்க முடியாது. ஜாக்கி பந்தயத்தில் பணம் கட்டுவதை விதிகளே தடுக்கின்றன.

விதி தடுத்தால் போதுமா, ஜாக்கிகளே குதிரையை இழுத்துப் பிடித்துத் தோற்றதில்லையா என்பது அடுத்த கேள்வி. நடந்ததுண்டு; எந்த நாட்டுப் பந்தயமும் அந்தக் கறையிலிருந்து தப்பவில்லை. மேலே சொன்ன சார்லி ஸ்மிர்க்கே டெர்பி வெற்றிக்கு முன்பு, குதிரையை முறையாக ஓட்டவில்லை என்ற குற்றச்சாட்டில் ஐந்தாண்டு தடையை அனுபவித்தவர். எப்சம் டெர்பியை ஒன்பது முறை வென்ற லெஸ்டர் பிகாட், வரி ஏய்ப்புக்காக 1987-இல் சிறைக்குப் போனார். வெளியே வந்து 1990-இல், 54 வயதில், மீண்டும் சேணம் ஏறி அமெரிக்காவில் பெரிய பந்தயம் ஒன்றை வென்றார். அங்குள்ளவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள். குற்றத்தை மறைத்தால் அது துதி. திறமையை மறைத்தால் அது வெறுப்பு. இரண்டையும் எழுதினால்தான் வரலாறு. பதிவே இல்லாத இடத்தில் வதந்திக்குத்தான் கொண்டாட்டம். நேர்மையாக ஓட்டிய நூறு பேரும் தவறிய நான்கு பேரின் பெயரில் சேர்ந்துவிடுகிறார்கள். குதிரைகள் சாட்டையடி படுகின்றன, கால் முறிந்து கொல்லப்படுகின்றன என்ற குற்றச்சாட்டையும் ஒதுக்க முடியாது. அதற்கும் முதல் சாட்சி, குதிரையின் மூச்சைத் தன் தொடையில் உணர்ந்தவர்தான். அவரைப் பேசவிடாமல் அந்த விசாரணையும் முழுமையாகாது.

இது பணக்காரர் விளையாட்டு, வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் என்பது மூன்றாவது எதிர்ப்பு. கிண்டியில் 160 ஏக்கர் 86 சென்ட் நிலத்துக்கு ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் குத்தகை என்றும், பாக்கி 730 கோடி ரூபாய் என்றும் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கணக்கில் ஜாக்கியின் பெயர் எங்கும் இல்லை. நிலமும் அவருடையதல்ல, குதிரையும் அவருடையதல்ல. லாயத்தில் சாணம் அள்ளி, விடியற்காலைப் பயிற்சியில் குதிரையை ஓட்டிப் பழகி, உரிமம் வாங்கி, எடை கூடியதும் வெளியே அனுப்பப்பட்டவர் எத்தனையோ பேர். இந்த மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்தவர்கள். மலைக்கு யார் எஜமானர் என்ற பதிவு ஏட்டில் இருக்கிறது. அங்கே கொத்திப் பயிரிட்டவர் யார் என்பது பெரும்பாலும் வாய்மொழியில்தான் இருக்கிறது. எஜமானர் வரலாற்றில் உழைத்தவர் காணாமல்போவது எப்படி என்று அந்த மலையிலுள்ள வெள்ளிமலைக்காரருக்கு ரேஸ் கோர்ஸைப் பார்க்காமலே புரியும். பணக்காரர் விளையாட்டு என்பதற்காக ஜாக்கியை மறந்தால், மறுபடியும் பணக்காரரைத்தான் ஜெயிக்க வைக்கிறோம்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. நிலம் குறித்த வழக்குகள் எப்படி முடிந்தாலும், கிண்டியிலும் ஊட்டியிலும் பந்தய முடிவுகளைத் தாங்கிய பழைய ரேஸ் புத்தகங்களையும் புகைப்படங்களையும் மின்னுருவாக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஜாக்கிகளையும் லாயத் தொழிலாளர்களையும் தேடிப்பிடித்து, அவர்கள் பேச்சைக் குரலாகவே பதிவு செய்ய வேண்டும். முதுமை யாருக்காகவும் காத்திருக்காது. அந்த நிலத்தில் பூங்காவே வந்தாலும், ஓட்டம் முடிந்த எல்லைக் கம்பம் நின்ற இடத்தில் ஒரு கல் நடலாம். செங்கம் வட்டாரத்தில் ஆநிரை மீட்டு இறந்த சாதாரண வீரனுக்கும் பெயர் வெட்டிக் கல் நட்ட நாடு இது. அந்தக் கல்லில் குதிரையின் பெயரை முதலில் வெட்டினாலும் தவறில்லை. காரி என்ற குதிரைக்குப் பக்கத்தில் காரி என்ற மனிதனையும் சொன்னார்களே, அப்படி ஓட்டியவர் பெயரும் அதே அளவு எழுத்தில் இருந்தால் போதும்.