காடு வளர்த்த ஊர்கள்

மேற்கு ஆபிரிக்காவிலே கினி என்றொரு நாடு உண்டு. பிரெஞ்சுக்காரரின் ஆட்சியின்கீழ் நெடுங்காலம் இருந்து, 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி சுதந்திரம் பெற்ற நாடு அது. அதன் தென்பாகத்திற் கிசிடூகு என்னும் மாவட்டம் இருக்கிறது. தெற்கேயுள்ள மழைக்காடும் வடக்கேயுள்ள புல்வெளியும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் அதுவாகும். ஆகாய விமானத்தில் ஏறி அம்மாவட்டத்தை நோக்குவோமாயின், புற்கடலின் நடுவே பச்சைத் தீவுகள் மிதப்பனபோல வட்ட வட்டமாகக் காடுகள் தோன்றும். அவற்றின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு கிலோமீற்றர் அல்லது இரண்டு கிலோமீற்றர் இருக்கும். அவ்வட்டங்களின் நடுவே, மரங்களின் மறைவிலே, ஊர்கள் இருக்கின்றன. அம்மாவட்டத்தில் ஏறக்குறைய 800 ஊர்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை இங்ஙனம் காட்டுக்குள்ளே ஒளிந்திருப்பவை.

இந்தக் காட்டுத் தீவுகள் எங்ஙனம் உண்டாயின? இக்கேள்விக்கு ஒரு விடை வெகுகாலமாக ஆயத்தமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அங்கு சென்ற பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் ஒகுஸ்த் செவாலியே முதலானோர் இவற்றைப் பார்த்தனர். பார்த்தவுடனே தீர்ப்பும் கூறினர். முன்னொரு காலத்திலே நாடு முழுவதும் பெருங்காடாக இருந்ததாம். ஊர்மக்கள் சேனைப் பயிர்ச்செய்கைக்காக மரத்தை வெட்டியும் தீயிட்டும் அதனை அழித்தனராம். அழிந்தது போக எஞ்சிய துண்டுகளே இத்தீவுகளாம். 1949ஆம் ஆண்டிலே ஆபிரிக்கக் காடுகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதிய ஆந்திரே ஓப்ரவீல் என்பவரும், ஆபிரிக்கப் புல்வெளிகளிற் பெரும்பகுதி காட்டின் அழிவினாலே தோன்றியது என்ற கொள்கையையே நிலைநாட்டினார். பின்னர் வந்தோர் இதனை ஆராயவில்லை; ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதினர். அச்சில் ஏறிய சொல்லுக்கு நம்மவர் மாத்திரமா தலைவணங்குகின்றனர்? உலகம் முழுவதும் இதே வழக்கந்தான்.

அறிஞர் தம் நூலிலே எழுதியதோடு விடயம் நின்றிருந்தாற் பெரிய கேடில்லை. ஆனால் அக்கொள்கையே சட்டமாயிற்று. காட்டிலாகா ஏற்பட்டது. தன் பாட்டன் நட்ட மரத்தை வெட்டுவதற்குக்கூடப் பேரன் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியவன் ஆனான். புல்வெளிக்குத் தீ வைத்தவன் குற்றவாளியாகித் தண்டப்பணம் இறுத்தான். சுதந்திரத்தின் பின்னும் இந்நிலை மாறவில்லை. 1970ஆம் ஆண்டுகளில் இக்குற்றத்துக்கு மரண தண்டனை என்றுகூட விதி இருந்தது. ஆட்சி கைமாறியது, ஊரவர்மேற் சுமத்தப்பட்ட பழி மாத்திரம் கைமாறாமல் அவர்களிடமே தங்கிற்று.

1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே இங்கிலாந்திலிருந்து ஜேம்ஸ் பெயர்ஹெட், மெலிசா லீச் என்னும் இரண்டு மானிடவியல் ஆராய்ச்சியாளர் கிசிடூகுவுக்குச் சென்றனர். கினி நாட்டவரான டொமினிக் மில்லிமூனோ, மரி கமானோ என்னும் இருவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். இந்நால்வரும் செய்த வேலையை நம் மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் நன்று. வழக்கமாக நடப்பது யாது? தாவரவியலார் மரத்தைப் பார்த்துத் திரும்புவார். மண்ணியலார் மண்ணைத் தோண்டிச் செல்வார். சரித்திர ஆசிரியர் பழைய கடிதக்கட்டுக்குள்ளே தலையைப் புதைத்துக்கொள்வார். மானிடவியலார் திருமணம், மரணம், குலம், கோத்திரம் என்று எழுதி முடிப்பார். டெனிஸ் போல்ம் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1954ஆம் ஆண்டிலே கிசி மக்களைப் பற்றி எழுதிய நூல் மிகவும் சிறந்தது. நெல்லை உயிராகக் கொண்ட அம்மக்களை ‘நெல்லின் மாந்தர்’ என்ற பொருள்படும் பெயரால் அவர் அழைத்தார். எனினும் அது மாந்தரைப் பற்றிய நூல். மரத்தைப் பற்றிய நூல்கள் வேறு அலுமாரியில் இருந்தன. இரண்டையும் ஒரே மேசைமேல் விரித்துவைத்தவர் அதுவரை எவரும் இலர் என்றே சொல்லலாம்.

இவர்கள் முதலிலே 1952ஆம் ஆண்டளவில் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்களைத் தேடிப்பெற்றனர். அவற்றை 1990ஆம் ஆண்டையொட்டிச் செய்மதி எடுத்த படங்களோடு ஒப்பிட்டனர். நாற்பது ஆண்டுகளாகக் காடு அழிந்துகொண்டே வந்திருப்பின் தீவுகள் சிறுத்திருக்கவேண்டுமன்றோ? அவை சிறுக்கவில்லை. பல இடங்களிலே பெருத்திருந்தன. முன்பு இல்லாத இடங்களிற் புதியனவும் தோன்றியிருந்தன. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டைப் பிடித்த இராணுவத்தாரும் வழிப்போக்கரும் எழுதிவைத்த குறிப்புகளைப் புரட்டினர். இன்று மரமடர்ந்து கிடக்கும் இடங்கள் பல அக்காலத்திலே வெறும் புல்வெளியாகக் கூறப்பட்டிருந்தன.

இனி, எல்லாவற்றுக்கும் முன்பே செய்திருக்கவேண்டிய வேலையொன்று உண்டு. ஊர்ப் பெரியவர்களைக் கேட்பதுதான் அது. கேட்டனர். “இக்காட்டை எங்கள் முன்னோர் உண்டாக்கினர்” என்று அவர்கள் ஊர்தோறும் கூறினர். முதலிற் புல்வெளியிலே ஊர் அமைத்ததையும், பின்பு அதனைச் சூழ மரம் வளர்ந்ததையும் தங்கள் வீட்டுக் கதைபோல விவரித்தனர்.

எப்படி வளர்ந்தது என்பதையும் சற்றே விரிவாகச் சொல்லுவோம். இதிலேதான் அம்மக்களின் அறிவு வெளியாகின்றது. புல்வெளியிலே மரம் வளராமைக்குப் பெருங்காரணம் கோடைத்தீ. ஆளுயரத்துக்கு வளர்ந்த புல் காய்ந்து, எங்கிருந்தோ வந்த நெருப்புப் பற்றிக்கொண்டால், இளங்கன்று எதுவும் தப்பாது. ஓர் ஊர் தோன்றியதும் என்ன நிகழ்கிறது? கூரை வேய்வதற்கும் வேலி அடைப்பதற்கும் அயலிலுள்ள நெடும்புல்லை அறுக்கின்றனர். ஊரோரத்திலே கட்டிய மாடுகள் மிச்சத்தை மேய்கின்றன. பெண்கள் வீட்டுப் பின்புறத்தை மேடாகக் கொத்தி, சாம்பலும் குப்பையும் எருவும் இட்டுத் தோட்டம் செய்கின்றனர். மண் பொதுமையடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றது. இவை யாவும் போதாவென்று, மழை நின்று புல் முற்றும் காயாதிருக்கும் வேளையிலே, ஊரைச் சுற்றி ஒரு வளையமாகத் தாங்களே சிறுதீ மூட்டிவிடுகின்றனர். அத்தீ தவழ்ந்து சென்று தானே அடங்கும். இரண்டொரு மாதம் கழித்துப் பெருந்தீ வரும்போது எரிவதற்கு அங்கே ஒன்றும் இராது. அவ்வளையத்துக்குள்ளே விழுந்த விதை முளைத்துக் கன்றாகும், கன்று மரமாகும், ஒரு தலைமுறையிலே காடாகும்.

அரசாங்கம் குற்றமென்று தடுத்தது எதனை என்பதை இப்போது வாசகர் உணர்வர். வேளையறிந்து வைக்கும் சிறுதீயையும் கண்மூடித்தனமான பெருந்தீயையும் சட்டம் ஒரே தராசிலே நிறுத்தது. காட்டைக் காப்பதற்காக எழுதப்பட்ட சட்டம், காட்டைக் காத்தவன் கையையே பிடித்தது.

தானாக முளைத்தவற்றோடு அவர்கள் நிற்கவில்லை; நட்டும் வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அப்பகுதியிற் போர்கள் மலிந்திருந்தன. மதில் கட்டக் கல்லும் ஆளும் இல்லாத ஊரவர், விரைவாக வளரும் மரங்களை நெருக்கமாக நட்டு உயிருள்ள கோட்டை அமைத்தனர். அவ்வாறு நட்ட மரங்களுட் பேர்பெற்றது நமக்கெல்லாம் தெரிந்த இலவமரமே. இலவு காத்த கிளியின் ஏமாற்றத்தைப் பழமொழியாக்கிய நாம், இலவு நட்டு ஊரைக் காத்த மக்களையும் அறிந்துவைத்தல் தகும். போர்க்காலம் ஒழிந்தபின் அந்நிழலிலே கோலா மரமும் பின்னர் கோப்பியும் பயிராயின. இளைஞருக்குச் சடங்கு செய்யும் மறைவிடமாகவும், காற்றையும் வெயிலையும் தடுக்கும் திரையாகவும், மருந்துச் சரக்குக் கிடைக்கும் இடமாகவும் அக்காடு பயன்பட்டது.

இவ்வளவும் ஊரவருக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் அரசாங்க உத்தியோகத்தரிடம் ஏன் எடுத்துரைக்கவில்லை? நியாயமான கேள்வி. ஒருவர் வாகனத்தில் வந்து இறங்கி, “உங்கள் காடு குறைந்துவிட்டதல்லவா?” என்று கேட்கின்றார். கேள்வியிலேயே விடை இருக்கின்றது. இல்லையென்று மறுப்பது விருந்தினரை அவமதிப்பதாகும். ஆமென்றாலோ ஒரு கிணறோ, தெருவோ, மரக்கன்றோடு கூடிய உதவித் திட்டமோ கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆமென்றார்கள். வந்தவரும் தம் குறிப்புப் புத்தகத்திலே, மக்களே ஒப்புக்கொண்டனர் என எழுதிக்கொண்டு திரும்பினார். இத்தகைய விசாரணை எந்தக் கண்டத்துக்கும் புதியதன்று.

பெயர்ஹெட்டும் லீச்சும் இவற்றையெல்லாம் தொகுத்து 1996ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டனர். ஆபிரிக்க நிலத்தோற்றத்தைப் பிழையாக வாசித்தல் என்பது அதன் தலைப்பின் கருத்து. நூல் பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. ஒரு மாவட்டத்திற் கண்டதைக் கண்டம் முழுவதுக்கும் பொருத்தலாகாது என்று சிலர் எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கையை நாமும் ஏற்கின்றோம். ஐவரி கோஸ்ட் நாட்டிலே கொக்கோச் செய்கைக்காகப் பெருங்காடுகள் அழிந்தமை கண்கூடு. கிசிடூகுவின் கதையைக் காட்டிக் கோடரிக்காரருக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்க முற்படுவோரை நாம் நம்பமாட்டோம். ஒவ்வோரிடத்தையும் அவ்வவ்விடத்திலே சென்று பாராமற் தீர்ப்புக் கூறலாகாது என்பதே நம் கட்சி.

கிழக்கு ஆபிரிக்காவிலும் இதனையொத்த ஆராய்ச்சி ஒன்று நடந்தது. கென்யாவிலுள்ள மச்சாக்கோஸ் மாவட்டத்திலே கம்பா மக்கள் தம் நிலத்தைப் பாழாக்கிவிட்டனர், மண்ணெல்லாம் மழையில் அள்ளுண்டு போகிறது என்று 1930ஆம் ஆண்டுகளிலே ஆங்கில அதிகாரிகள் புலம்பினர். 1932ஆம் ஆண்டிலே அங்கு ஏறக்குறைய 240,000 மக்கள் வாழ்ந்தனர்; 1990ஆம் ஆண்டளவில் அத்தொகை 14 இலட்சமாயிற்று. நிலம் பாலைவனம் ஆகியிருக்கவேண்டும். ஆனால் மேரி டிபன், மைக்கேல் மோர்டிமோர், பிரான்சிஸ் கிச்சூகி என்போர் ஆராய்ந்து 1994ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின்படி, மக்கள் பெருக மண்ணரிப்புக் குறைந்ததாம். மலைச்சரிவுகளிற் படிப்படியாக வரம்பு கட்டி மண்ணைத் தடுத்தனர், மரமும் நட்டனர். நைரோபி நகரத்திலே உழைத்த பணம் வந்திராவிடின் இது கைகூடியிராது என்பாரும் உளர். அதுவும் உண்மையாகலாம்.

இத்தகைய ஆராய்ச்சி ஏட்டுப் படிப்புக்கே உரியது என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி கூறுவோம். கிசிடூகுவுக்கு அயலிலுள்ள கெக்கடூ மாவட்டத்திலே, மெலியாண்டூ என்ற சிற்றூரில், 2013ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு குழந்தை இறந்தது. எபோலா என்னும் கொடிய நோய் அங்கிருந்து பரவியதாகவே பின்னர் கண்டனர். 2016ஆம் ஆண்டு வரையிற் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் 11,000 பேருக்கு மேல் மாண்டனர். நோயைத் தடுக்க வந்தவர்களுக்கும் ஊரவர்களுக்கும் இடையே பெரும் பகை மூண்டது. வெள்ளை உடுப்பும் முகமூடியும் அணிந்தவர்கள் பிணத்தைத் தூக்கிச்செல்வதைக் கண்ட மக்கள் பாலங்களை உடைத்து வழியை மறித்தனர்.

கருவுற்றிருந்த பெண் ஒருத்தி இந்நோயால் இறந்தாள். கருவை வெளியே எடாமல் அடக்கம் செய்தாற் குடும்பத்துக்கும் ஊருக்கும் சாபம் சூழும் என்பது கிசி மக்களின் நம்பிக்கை. எடுத்தாலோ, எடுப்பவருக்கு நோய் தொற்றுவது பெரும்பாலும் திண்ணம். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக அங்கு பணிபுரிந்த மானிடவியல் அறிஞர் ஜூலியென் அனோகோ என்ற பெண்மணி, உத்தரவு போடாமல் ஊரவரை அணுகி வழி கேட்டார். இத்தகைய நிலையிலே செய்யத்தக்க பிராயச்சித்தச் சடங்கு ஒன்று முன்னோர் வழக்கில் இருந்தது. அதனை அறிந்த முதியவர் ஒருவரும் அகப்பட்டார். சடங்குக்கு வேண்டிய பொருள்கள் வாங்கிக் கொடுக்கப்பட்டன. சடங்கு நிறைவேறியது, உடலும் திறவாதபடியே, பிறருக்கு ஆபத்தின்றி அடக்கம் செய்யப்பட்டது.

நோயின் காரணம் பற்றி அந்நாட்களிலே வெளியான பத்திரிகைச் செய்திகள் பலவற்றில், காட்டை அழித்த கிராமவாசிகள் என்ற பழைய பாட்டே மீண்டும் ஒலித்தது. 1996ஆம் ஆண்டு நூலை எழுதியவர் அவற்றைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்வாராக.

நூல் வெளிவந்து இருபது ஆண்டுகளின் பின், 2016ஆம் ஆண்டிலே, பெயர்ஹெட்டும் மண்ணியல் அறிஞர் சிலரும் சேர்ந்து இன்னோர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். லைபீரியாவிலும் கானாவிலும் ஊர்களைச் சூழக் காணப்படும் கருநிற மண்ணைப் பற்றியது அது. அயலிலுள்ள சிவந்த சாரமற்ற மண்ணைவிட இதிலே சேதனக் காபன் நூற்றுக்கு 200 முதல் 300 வரை கூடுதலாக இருந்தது. இம்மண் இயற்கையாக அமைந்ததன்று. அடுப்புச் சாம்பல், கரி, எலும்பு, பனையெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை முதலியவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்திற் கொட்டிக் கொட்டிப் பெண்களே இதனை ஆக்கினர். அவ்வூர்களில் இதனை எல்லாரும் அறிவர். லைபீரியாவில் உள்ள ஊர் ஒன்றிலே, தங்கள் ஊரின் வயது எவ்வளவு என்று மதிப்பிடவேண்டுமாயின், மண்ணைத் தோண்டிக் கருமண் எவ்வளவு ஆழம் செல்கிறதென்று பார்ப்பார்களாம்.