வாளியைக் கீழே வையுங்கள்



ஜூன் விடுமுறையில் ஒருநாள் காலை, கடல் நன்கு வற்றியிருந்த வேளையில், சாங்கிக் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். பிடோக்கில் குடியிருப்போருக்கு அது தொலைவன்று; 2ஆம் எண் பேருந்தில் ஏறி அமர்ந்தால் கடைசி நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். மணற்பரப்பெங்கும் குடும்பங்கள். பிள்ளைகள் பலரின் கையில் ஒரு வாளி, ஒரு சிறு வலை.

"வணக்கம் ஆசிரியர்!" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். தொடக்கநிலை ஐந்தில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன். வாளியை என்னிடம் நீட்டினான். உள்ளே இரண்டு நட்சத்திர மீன்கள், நான்கைந்து நண்டுகள், ஒரு சங்கு. "நீங்கள் சொன்ன நெய்தல் நிலம் இதுதானே, ஆசிரியர்?" என்று பெருமிதத்துடன் கேட்டான். வாளி நீர் வெயிலில் வெதுவெதுப்பாகியிருந்தது. ஒரு நட்சத்திர மீன் அசையவில்லை.

இவற்றைத் திரும்ப விட்டுவிடலாமே என்று அவன் தந்தையிடம் தயங்கியபடி கூறினேன். அவர் சினங்கொள்ளவில்லை. "புத்தகத்தில் படம் பார்ப்பதைவிடக் கையில் எடுத்துப் பார்த்தால்தானே மனத்தில் பதியும்? நாலு நண்டு போனால் கடல் குறைந்துவிடுமா, ஆசிரியர்?" என்றார். அந்த இடத்தில் எனக்குத் தக்க மறுமொழி தோன்றவில்லை. இக்கட்டுரையே என் மறுமொழி.

சுற்றுலாவினால் இயற்கை கெடுகிறது என்று சொன்னால், எங்கிருந்தோ வரும் வெளிநாட்டுப் பயணிகளைப் பற்றிப் பேசுவதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். உலகளாவிய நிலைத்த சுற்றுலா மன்றத்தின் அளவுகோல்களின்படி 2023இல் சிங்கப்பூர் ஒரு நாடாகவே சான்றிதழ் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் எந்தச் சான்றிதழும் என் மாணவனின் வாளிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நண்டின் வளைக்கு முன்னால் உள்ளூர்வாசி என்றும் வெளியூர்வாசி என்றும் வேறுபாடு இல்லை. மிதிக்கும் கால்கள் எல்லாம் கால்களே. இதற்கு 2021ஆம் ஆண்டே சாட்சி. பெருந்தொற்றினால் எல்லைகள் மூடப்பட்டு, வெளிநாட்டுப் பயணிகள் வராதிருந்த காலம் அது. அப்போதுதான் இதே சாங்கிக் கடற்கரையில் குடும்பங்கள் திரண்டு கடல்வாழ் உயிர்களை அள்ளிச் செல்கின்றன என்ற செய்தி நாளேடுகளில் வந்தது. அள்ளியவர்கள் யார்? நாம்தாம்.

பிறரைக் குறை கூறுமுன் என் பங்கையும் கூறிவிட வேண்டும். சாங்கிக்கு எதிரே இருக்கும் புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற கரை உள்ளது. மணல், பாறை, கடற்புல், அலையாத்திக் காடு முதலிய பல வாழிடங்கள் அங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. நிலமீட்புக்குக் குறிக்கப்பட்டிருந்த அவ்விடத்தின் வளத்தை 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஜோசப் லாய் என்ற தாவரவியலாளர் கண்டு வெளிக்கொணர்ந்தார். தொண்டூழியர்களும் ஆய்வாளர்களும் அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்தனர். பொதுமக்கள் அரசுக்கு முறையிட்டனர். 2001 டிசம்பரில் நிலமீட்பு ஒத்திவைக்கப்பட்டது. இக்கதையை வகுப்பில் நாம் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல மறப்பது ஒன்றுண்டு. மறையப்போகும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவ்வாண்டில் ஆயிரக்கணக்கானோர் அங்கே சென்றோம். ஆசிரியர் பயிற்சியில் இருந்த நானும் தோழியருடன் சென்றேன். அன்று கடற்புல்லின் மீது காலணியோடு நடந்தேன். காலடியில் என்னென்ன நசுங்கின என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. நினைவுக்கென்று ஒரு சிப்பியும் எடுத்து வந்தேன். காப்பாற்ற வேண்டும் என்ற அன்போடு சென்ற கூட்டமே அவ்விடத்தைத் துவைத்தது என்பதைப் பிற்பாடே அறிந்தேன்.

அதன்பின் கட்டுப்பாடுகள் வந்தன. வழிகாட்டியுடன், குறிப்பிட்ட எண்ணிக்கையினர் மட்டுமே கரையில் இறங்க வகை செய்யப்பட்டது. 2007இல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பலகை நடைபாதை திறக்கப்பட்டது. மேலிருந்து பார்க்கலாம், மிதிக்க வேண்டியதில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான், ஜோகூரில் பெய்த பெருமழையின் நன்னீர் கடலில் கலந்து உப்புத்தன்மை குறைந்ததால், செக் ஜாவாவின் கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் பெருமளவில் மடிந்தன. நீரின் உப்பு குறைந்தாலே மடியும் உயிர்களை நெகிழி வாளியில் இட்டு வீட்டு மீன்தொட்டிக்குக் கொண்டுசெல்வது எவ்வகைக் கல்வி?

"நாலு நண்டுதானே" என்ற வாதத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கு நான்கு என்றால் நூறு குடும்பங்களுக்கு நானூறு. நம் கடல் பெரியதாக இருக்கலாம். நம்மிடம் எஞ்சியிருக்கும் இயற்கைக் கரை மிகச் சிறியது. இதை நன்கறிய வேண்டியவர்கள் பிடோக்வாசிகளாகிய நாம். 1966இல் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள், பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டி எடுத்த மண்ணையும் கொட்டியே கிழக்குக் கரை நிரப்பப்பட்டது. நாம் மிதிவண்டி ஓட்டும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா ஒருகாலத்தில் கடல். வீடுகளும் சாலைகளும் தேவைப்பட்ட நாட்டில் அது தவிர்க்க இயலாததாக இருந்திருக்கலாம். ஆனால், போனது போக எஞ்சியதையும் பொழுதுபோக்குக்காக வாளியில் அள்ளுவதற்கு எந்தத் தேவையைக் காரணம் காட்டுவோம்?

"அப்படியானால் யாரும் போகவே கூடாதா?" என்று கேட்பீர்கள். போக வேண்டும். உபினில் ஒருகாலத்தில் ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்தனர். கருங்கல் வெட்டியும் பயிரிட்டும் மீன்பிடித்தும் பிழைத்தனர். குவாரிகள் மூடப்பட்டன, 1985இல் தீவின் பள்ளியும் மூடப்பட்டது. இன்று எஞ்சியிருப்போர் சில பத்துப் பேரே. மிதிவண்டி வாடகைக்கு விடுவோர், உணவுக்கடை நடத்துவோர், 12 பேர் சேர்ந்ததும் புறப்படும் படகை ஓட்டுவோர் ஆகியோருக்கு வருகையாளரின் பணம் வாழ்வாதாரம். ஆனால் நம் பள்ளிக் குழுக்கள் என்ன செய்கின்றன? பொட்டலச் சோற்றையும் தண்ணீர்ப் புட்டிகளையும் நகரிலிருந்தே சுமந்து சென்று, குப்பையை மட்டும் தீவுக்கு அளித்துத் திரும்புகின்றன. போதாக்குறைக்குக் காட்டுப்பன்றிக்கு ரொட்டி போட்டுப் படம் எடுப்போரும் உளர். 2020 முதல் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அது குற்றம். முதன்முறை பிடிபடுவோருக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். மனிதர் கையில் உணவு கண்ட பன்றி பையைப் பறிக்கப் பழகும். பின்னர் அதன்மீதே பழி விழும்.

இது நம் சிறு தீவின் சிக்கல் மட்டுமன்று. விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் நம் குடும்பங்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் மின்னனுமதி கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பிட்டது. "போதும்" என்று நாமே சொல்லப் பழகாவிட்டால், நீதிமன்றம் சொல்லும். அல்லது மலையே சரிந்து சொல்லும்.

ஆகவே ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இவை. கற்றல் பயணத்துக்கான பயிற்சித்தாளில் "ஐந்து பொருள்களைச் சேகரித்து வருக" என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். "ஓர் உயிரைப் பத்து நிமிடம் உற்றுநோக்கி ஐந்து வாக்கியம் எழுதுக" என்று மாற்றுங்கள். அந்த முதல் வரியை நானும் பல ஆண்டுகள் எழுதியவள்தான். நூறு பேரை ஒரே நாளில் இறக்காதீர்கள். உண்பதைத் தீவில் வாங்கி உண்ணுங்கள். பெற்றோரே, வாளியையும் வலையையும் வாங்கித் தராதீர்கள். தொட்டால்தான் பதியும் என்பது உண்மையாயின், பிள்ளை மனத்தில் பதிவது நண்டின் அழகு மட்டுமன்று. பிடித்ததை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் கூடவே பதிகிறது.

அன்று அம்மாணவனுடன் நானும் நீரோரம் வரை நடந்தேன். நண்டுகளையும் சங்கையும் அவனே விட்டான். நண்டுகள் நொடியில் மணலுக்குள் புதைந்தன. "எங்கே போயின, ஆசிரியர்?" என்று வியந்து குனிந்தான். வாளிக்குள் இருந்தபோது அவன் கேட்காத கேள்வி அது. இரண்டு நட்சத்திர மீன்களில் ஒன்று கடைசிவரை அசையவில்லை. அதை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.

சிந்திப்போம்.