‘பிரைம்’ல இருந்திருந்தா...!



வில்லியனூர், பாகூர் பக்கத்து ஆட்களான நமக்குக் கபடி தெரியும், வாலிபால் தெரியும், கிரிக்கெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். குத்துச்சண்டை கிளவுஸைக் கையில் மாட்டியவர் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். ஆனால் தீர்ப்பு சொல்வதில் நாம் சுப்ரீம் கோர்ட்! ‘அலி பெரிய ஆளா, டைசன் பெரிய ஆளா?’ என்று எவனாவது ஆரம்பித்துவிட்டால் போதும், பஸ் ஸ்டாப்பில் ரெண்டு பஸ் வந்து போனாலும் ஏற மாட்டோம்.

இந்த வாதங்களில் அதிகம் அடிபடுகிற வார்த்தை ‘பிரைம்’. “மச்சி, டைசன் மட்டும் பிரைம்ல இருந்திருந்தா...” என்று ஒருத்தன் இழுப்பான். இந்த ‘இருந்திருந்தா’வை எதிர்த்து இதுவரை எந்தச் சாம்பியனும் ஜெயித்ததில்லை!

பிரைம் என்பதே பீலா என்று நான் சொல்லவில்லை. உடம்புக்கு ஓர் உச்சம் உண்டு. முதலில் கால் வேகம் போகும். அப்புறம் குத்து வருவதைப் பார்த்துத் தலையை விலக்குகிற சுறுசுறுப்பு போகும். குத்தின் பலம் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். ஜார்ஜ் ஃபோர்மன் 1994 நவம்பர் 5-ம் தேதி, தனது 45-வது வயதில், ஒன்பது ரவுண்டு அடி வாங்கிவிட்டுப் பத்தாவது ரவுண்டில் 26 வயது மைக்கேல் மூரரை வலது கையால் படுக்கவைத்தாரே, அது இந்தக் கணக்குதான். ஆக, பிரைம் உண்டு. அது எந்த வருஷம் தொடங்கி எந்த வருஷம் முடிந்தது என்று முடிவு பண்ணுவது யார்? நாம். எப்போது முடிவு பண்ணுகிறோம்? நம்ம ஆள் தோற்ற பிறகு! வம்பே இங்கேதான்.

டைசனையே எடுத்துக்கொள்வோம். 1986 நவம்பரில் 20 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 செகண்டில் முடித்தார். 1990 பிப்ரவரி 11-ம் தேதி டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது ரவுண்டில் நாக்-அவுட் ஆனார். அன்று டைசனுக்கு வயசு 23. அரியர் முடிக்க வருகிற நம்ம சீனியர் அண்ணன்களின் வயசு! 23 வயதுக்காரருக்கு ‘பிரைம் முடிஞ்சு போச்சு’ என்கிறான் ரசிகன். காரணமும் கையில் ரெடியாக வைத்திருப்பான். குருநாதர் கஸ் டமாட்டோ 1985-ல் இறந்துவிட்டார், பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988-ல் டைசன் நீக்கிவிட்டார், பயிற்சியில் கவனமில்லை. எல்லாம் நிஜம்தான், மறுக்கவில்லை. எதிரே நின்ற மனுஷனின் கதையை யாராவது கேட்டோமா? அந்தச் சண்டைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் டக்ளஸின் அம்மா இறந்திருந்தார். எட்டாவது ரவுண்டில் கீழே விழுந்து, எழுந்து, அதற்கப்புறம் ஜெயித்தார். இன்றுவரை நாம் ‘டைசன் தோத்த சண்டை’ என்றுதான் சொல்கிறோம். ‘டக்ளஸ் ஜெயிச்ச சண்டை’ என்று வாயில் வருவதே இல்லை.

அலி விஷயத்தில் நம் கணக்கு இன்னும் வேடிக்கையானது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967 முதல் 1970 வரை மூன்றரை வருஷம் அவரை ரிங்கில் ஏற விடவில்லை. 25 வயசிலிருந்து 28 வயசு வரை, பொன்னான காலம். அது அநியாயம், அதில் ரெண்டாவது பேச்சே இல்லை. அதனால் 1971 மார்ச் 8-ம் தேதி ஜோ ஃப்ரேசியரிடம் தோற்றதை ‘பிரைம் போன பிறகு’ என்று கழித்துவிடுகிறோம். சரி, ஒத்துக்கொள்ளலாம். அப்படியானால் 1974-ல் கின்ஷாசாவில் ஃபோர்மனை வீழ்த்தியதும், 1975-ல் மணிலாவில் ஃப்ரேசியரை ஜெயித்ததும் எந்தக் கணக்கு? அவையும் பிரைம் போன பிறகுதானே! அவற்றை மட்டும் பெரிய எழுத்தில் வரவு வைக்கிறோம். வரவுக்கு ஒரு நோட்டு, செலவுக்கு ஒரு நோட்டு. பாகூர் மளிகைக் கடையில் இப்படிக் கணக்கு எழுதினால் கடை ஒரு மாசம் தாங்காது.

ஃப்ரேசியருக்கு இந்தச் சலுகையை யாராவது கொடுத்தோமா? 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் அவரை ஆறு தடவை கீழே தள்ளினார். அதற்கப்புறம் அவர் பழைய ஃப்ரேசியர் இல்லை. மணிலாவில் கடைசி ரவுண்டுகளில் கண் வீங்கி, எதிரே வருகிற குத்து தெரியாமல் நின்றார். அவருடைய வாழ்நாள் கணக்கில் தோல்வி நாலே நாலு. ரெண்டு அலியிடம், ரெண்டு ஃபோர்மனிடம். வேறு எவனாலும் அவரைத் தோற்கடிக்க முடியவில்லை! ஆனாலும் ‘ஃப்ரேசியர் பிரைம்ல இருந்திருந்தா’ என்று ஒருத்தன் பேசி நான் கேட்டதில்லை.

ஏன் தெரியுமா? அலிக்கு வாய் இருந்தது, அழகு இருந்தது, கவிதை வந்தது. ஃப்ரேசியருக்கு இடது கை மட்டும்தான் இருந்தது. தடைக் காலத்தில் அலிக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று பேசிய மனுஷர் ஃப்ரேசியர். அவரைத்தான் அலி ‘கொரில்லா’ என்று கேலி பண்ணினார், வெள்ளைக்காரர்களுக்கு வால் பிடிப்பவர் என்றார். ஃப்ரேசியர் 2011-ல் இறந்தார், அந்தக் காயம் அவரை ரொம்ப காலம் விடவில்லை. நமக்கு அலியைப் பிடிக்கும், எனக்கும்தான். பிடித்தவர் பேசினால் ‘குறும்பு’, பிடிக்காதவர் பேசினால் ‘திமிர்’. ஃப்ளாய்ட் மேவெதர் பணக்கட்டைக் காட்டிப் பேசினால் ஏன் எரிகிறது? அவர் 50 சண்டையில் 50 ஜெயித்தவர். மேனி பக்கியாவ் எட்டுத் தடவை தோற்றவர். 2015 மே மாதம் ரெண்டு பேரும் மோதி மேவெதர் ஜெயித்த பிறகும் நம்ம செல்லப்பிள்ளை பக்கியாவ்தான். பிடிப்பது வேறு விஷயம் ஐயா, யாரை வேணும்னாலும் பிடிக்கலாம். பிடித்ததற்காக மார்க் போடக் கூடாது, அவ்வளவுதான் என் வாதம்.

‘சார்பட்டா பரம்பரை’ 2021-ல் வந்தபோது நம்ம பசங்க கொண்டாடியது யாரை? ஜெயித்த கபிலனை விட, தோற்ற டான்சிங் ரோஸைத்தான்! அந்தக் கால் ஆட்டத்தைப் பார்த்தால் இங்கிலாந்தின் நசீம் ஹமீத் ஞாபகம் வரும். 37 சண்டையில் 36 ஜெயித்தவர். 2001 ஏப்ரலில் மார்கோ அன்டோனியோ பரேராவிடம் தோற்ற ஒரே ராத்திரியில் ‘அவன் வெறும் சீன் பார்ட்டி’ ஆகிவிட்டார். சினிமாவில் ரோஸ் ஆடினால் விசில். நிஜத்தில் ஹமீத் ஆடித் தோற்றால் ‘அல்டாப்பு அடங்கிச்சா?’

அது கிடக்கட்டும். சென்னையின் வி. தேவராஜன் 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பை குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கியவர், அர்ஜுனா விருது பெற்றவர். பஸ்ஸில் ஏறினால் மூணு நாலு மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊர்க்காரர். அவருடைய பிரைம் எந்த வருஷம் என்று நம் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு கேஸாவது நடந்திருக்கிறதா? டி.வி.யில் வராதவனுக்குப் பிரைமும் கிடையாது போல!

தோல்வியே இல்லாதவர்தான் உசத்தி என்கிற கட்சி ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் சார்பில் ஒரு வார்த்தை. லேபில் யூ.டி.எம். மிஷினில் கம்பியை மாட்டி இழுக்கிறோம். ஈல்டு ஆகி, நடுவில் கழுத்து மெலிந்து, ‘டப்’பென்று உடைகிற வரைக்கும் விடுவதில்லை. பாதி லோடிலேயே மிஷினை நிறுத்திவிட்டு ‘சார், கம்பி உடையவே இல்லை’ என்று ரெக்கார்டில் எழுதினால் சார் என்ன செய்வார்? ராக்கி மார்சியானோ 49-க்கு 49. பெரிய வீரர்தான், சந்தேகமில்லை. ஆனால் 1951-ல் அவர் வீழ்த்திய ஜோ லூயிசுக்கு அப்போது வயசு 37. 1956-ல் மார்சியானோ 32 வயதில் கிளவுஸைக் கழற்றிவிட்டார். எந்த வயசில், எந்த வயசுக்காரனோடு என்று பார்க்காமல் சைபரை மட்டும் கும்பிடுவது சரியா?

‘பொழுதுபோக்குக்குப் பேசுறோம், இதுல என்னடா இருக்கு?’ என்று கேட்கலாம். இருக்கிறது.

1980 ஜனவரியில் அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை, எம்.ஜி.ஆர். முன்னிலையில். அப்போது அலி ஓய்வு அறிவித்து முடித்தவர், 38 வயசு. கூட்டம் அலைமோதியது. அவர் எந்த ஊருக்குப் போனாலும் அதே கூட்டம், அதே கோஷம்தான். அந்தக் கோஷத்துக்கு நடுவே நிற்கிற மனுஷனுக்குத் தன் கால் வேகம் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? பணத் தேவையும் சேர்ந்துகொண்டது. அதே வருஷம் அக்டோபர் 2-ம் தேதி லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸுக்கு எதிராக மறுபடி ஏறினார். எடை குறைக்க மாத்திரை சாப்பிட்டு, உள்ளே சத்தில்லாமல், வெளியே மட்டும் பழைய அலி மாதிரி அழகாக வந்து நின்றார். பத்து ரவுண்டு அடி வாங்கினார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டிதான் போதும் என்று நிறுத்தினார். அதற்கப்புறமும் 1981 டிசம்பரில் இன்னொரு சண்டை, இன்னொரு தோல்வி. 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் கடைசி அடிகள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அடிகள் தேவையே இல்லாதவை. ‘நீ இன்னும் பழைய ஆள்தான்’ என்று உலகம் பூரா சொன்ன ரசிகனுக்கு அதில் பங்கே இல்லையா?

நாமும் மாறவில்லை. 2024 நவம்பரில் 58 வயசு டைசன், தன்னைவிட 30 வயசு இளைய ஜேக் பாலோடு மோதினார். அமெரிக்காவில் 70,000 பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் நாம் போனைப் பிடித்துக்கொண்டு ‘ஒரே ஒரு குத்து விடு தல’ என்று கத்தினோம். எட்டு ரவுண்டும் முடிந்து தோற்றதும், சொல்லிவைத்தாற்போல் அதே பாட்டு: “பிரைம்ல இருந்திருந்தா...”

ஹோம்ஸ் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சிச் சண்டை போட்டவர். அன்று லாஸ் வேகாஸில் ஜெயித்துவிட்டு அழுதார். 48 சண்டை வரை தோல்வியே காணாத சாம்பியன். ஆனால் ‘அலியை அடித்தவன்’ என்பதால் ரசிகர்கள் அவரைக் கடைசிவரை மனசில் ஏற்றவே இல்லை. 1988 ஜனவரி 22-ம் தேதி அதே ஹோம்ஸை டைசன் நாலாவது ரவுண்டில் வீழ்த்தினார். ‘டைசனோட பிரைம் வெற்றி’ என்று நம்ம பசங்க லிஸ்ட்டில் அது இன்றும் மேலேதான் இருக்கிறது. அன்று ஹோம்ஸுக்கு வயசு 38. அவரிடம் தோற்றபோது அலிக்கு இருந்த அதே 38.