‘புதியவர்’ என்று ஒருவர் இல்லை

ஒரே கேள்வி ஒரே வாரத்தில் இரண்டு திசைகளிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலாவது, என்னோடு பல ஆண்டுகள் ஒரே பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்த நண்பரிடமிருந்து. முப்பத்தைந்து வருடங்களாகப் புகைப்பவர். இரவில் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனதும் மாடிப்படியில் நின்று அவர் பற்றவைப்பதைப் பார்த்தே நாங்கள் நேரம் சொல்லிவிடுவோம். சென்ற மாதம் மருத்துவர் ஒருவர் அவரது நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “விட்டுவிடும்” என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார். எப்படி விடுவது என்று சொல்லவில்லை. நண்பர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐசே, இந்த வேப் எண்டு சொல்லுறாங்களே, முதன்முதலா வாங்கிறவன் எதை வாங்க வேணும்? நீர்தானே எல்லாத்தையும் வாசிக்கிறனீர், சொல்லும்.”

இரண்டாவது, அயல்வீட்டுப் பெண்மணியிடமிருந்து. மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவன். அவனது புத்தகப்பையிலிருந்து பெருவிரல் அளவான ஒரு பொருளை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். “அண்ணை, இது கொம்பியூட்டரிலை செருகிற சாமான்தானே?” என்று கேட்டார். இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. என் வாயிலிருந்து ‘ஆம்’ என்ற சொல் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார். அந்தப் பொருளில் மாம்பழ வாசம் அடித்தது. மகனின் கைத்தொலைபேசியில் அவன் கடைசியாகத் தேடியதையும் காட்டினார்: ‘புதியவர்களுக்குச் சிறந்த வேப் எது?’ அந்தப் பையன் ஒரு சிகரட்டைக்கூடத் தொட்டதில்லை என்று தாய் சத்தியம் செய்கிறார். நான் நம்புகிறேன்.

ஆக, ஐம்பத்தெட்டு வயதுக்காரரும் பதினாறு வயதுப் பையனும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் ‘புதியவர்’. இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய மோசடி அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஒருவர் முப்பத்தைந்து வருடங்களாக நிக்கொட்டினுக்கு அடிமை. அதிலிருந்து வெளியேற ஒரு வாசலைத் தேடுகிறார். மற்றவன் இன்னும் உள்ளே போகாதவன், உள்ளே போகத்தான் வாசல் தேடுகிறான். இருவருக்கும் ஒரே ‘வழிகாட்டி’யை நீட்டுபவனுக்கு, வாசலில் நிற்பவர் எந்தப் பக்கம் போகிறார் என்பது பொருட்டல்ல. நுழைவுக் கட்டணம்தான் பொருட்டு.

அந்த வழிகாட்டிகளில் பத்துப் பன்னிரண்டை வாசித்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எடை குறைவானதை வாங்குங்கள், பொத்தான் இல்லாததை வாங்குங்கள், உங்களுக்குப் பிடித்த சுவையைத் தெரிவுசெய்யுங்கள், பற்றறி எத்தனை மணிநேரம் நிற்கும் என்று பாருங்கள்..... கைத்தொலைபேசிக்கு உறை வாங்கச் சொல்லித் தருவதைப் போன்ற தொனி. ‘நீங்கள் ஏற்கெனவே புகைப்பவரா?’ என்ற கேள்வி ஒன்றிலும் முதலாவதாக இல்லை. பெரும்பாலானவற்றில் அது கடைசியாகவும் இல்லை.

அந்தக் கேள்வியை ஒருவர் கேட்க நான் கண்டிருக்கிறேன். 2024 ஆம் ஆண்டு இலண்டனில், ஈஸ்ட்ஹாமில் எங்கள் பையன் ஒருவன் நடத்தும் கடைக்கு உறவினர் ஒருவருடன் போயிருந்தேன். உறவினர் சிகரட்டை விடத் தீர்மானித்திருந்தார். கடைக்காரன் எந்தப் பெட்டியையும் எடுக்கவில்லை. “அண்ணை, ஒரு நாளைக்கு எத்தினை பத்துவீங்கள்? காலமை எழும்பி எவ்வளவு நேரத்திலை முதலாவதைப் பத்துவீங்கள்?” என்று கேட்டான். எழுந்து அரை மணிக்குள் முதலாவதைப் பற்றவைப்பவர் ஆழமாக அடிமைப்பட்டவர். மருத்துவர்கள் அடிமைத்தனத்தை அளக்கப் பயன்படுத்தும் கேள்விகளில் இது முக்கியமானது. அதைப் பல்கலைக்கழகத்தில் படிக்காத அந்தப் பையன் கேட்டான். அவனை மெச்சிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், கண்ணுக்கு நேரான தட்டில் வத்தகப்பழ ஐஸ், பஞ்சு மிட்டாய் என்று வானவில் வரிசை. ஒருமுறை இழுத்து முடித்ததும் வீசிவிடும் கருவிகள் அவை. முப்பது வருடம் புகைத்தவர் பஞ்சு மிட்டாய் கேட்டு வருவாரா? 2025 ஜூன் 1 ஆம் திகதி முதல் ஐக்கிய இராச்சியம் அந்த வீசியெறியும் வகையைத் தடைசெய்தது. காலதாமதமான தடை.

கொழும்பிலும் ஒருநாள், காலி வீதியோரத்தில் கைத்தொலைபேசி உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றில், செய்தியாளனுக்குரிய ஆர்வத்தோடு விசாரித்தேன். மேசைக்குக் கீழிருந்து ஒரு பெட்டி வந்தது. அவர் கேட்ட ஒரே கேள்வி: “அங்கிள், என்ன ஃபிளேவர்?”

இனி, என் நண்பருக்குரிய பதிலுக்கு வருகிறேன். பதில் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது.

இந்தக் கருவியில் மாயம் ஏதுமில்லை. ஒரு பற்றறி, ஒரு சுருட்கம்பி, கம்பியைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சை நனைக்கும் திரவம். திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரீன், சுவையூட்டி, நிக்கொட்டின். கம்பி சூடாகத் திரவம் ஆவித்துளிகளாக மாறுகிறது. எதுவும் எரிவதில்லை. சிகரட் மனிதனைக் கொல்வது முக்கியமாக எரிவதால்தான். தாரும் காபன்மொனொக்சைட்டும் அதிலிருந்துதான் வருகின்றன. நிக்கொட்டின் மனிதனைக் கட்டிப்போடுகிறது, கொல்லும் வேலையைப் பெரும்பாலும் புகை செய்கிறது. ஆகவே ‘வேப்பும் சிகரட்டும் ஒன்றுதான், அது இன்னும் மோசம்’ என்று மேடையில் முழங்கும் எங்கள் புகைத்தல் எதிர்ப்பு நண்பர்களோடு நான் உடன்படவில்லை. நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் அது பொய். அந்தப் பொய்யைக் கேட்டு, ‘எல்லாம் ஒன்றென்றால் எதற்கு மாறவேண்டும்’ என்று பழைய பெட்டியையே வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், ‘அது வெறும் நீராவி’ என்பவர்களும் பொய்தான் சொல்கிறார்கள். நீராவிக்கு எவரும் அடிமையாவதில்லை.

புகைப்பவர் ஒருவருக்கு முதற்கருவி எதுவாக இருக்கவேண்டும் என்பதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகப் பேராசிரியர் பீற்றர் ஹாஜெக் தலைமையிலான ஆய்வு 2019 இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. புகைப்பதை விட விரும்பிய 886 பேர். ஒரு பகுதியினருக்கு நிக்கொட்டின் ஒட்டுத்துண்டு, சுவிங்கம் போன்றவை. மறுபகுதியினருக்குத் திரும்ப நிரப்பக்கூடிய ஓர் எளிய மின்சிகரட்டும், மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராம் நிக்கொட்டின் கொண்ட ஒரு போத்தல் திரவமும். கவனியுங்கள், மேகம் கக்கும் பெரிய கருவியல்ல, சிகரட்டைப் போலவே முதலில் வாய்க்குள் இழுத்துப் பின் நெஞ்சுக்கு இறக்கும் சிறிய கருவி. எல்லோருக்கும் குறைந்தது நான்கு வாரம், வாரந்தோறும் நேரில் ஆலோசனை. ஒரு வருடத்தின் பின் மின்சிகரட் பெற்றவர்களில் 18 சதவீதத்தினரும், மற்றவர்களில் 9.9 சதவீதத்தினரும் சிகரட்டை விட்டிருந்தார்கள்.

ஏறத்தாழ இருமடங்கு. விற்பவர்கள் இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் வாசித்தால் வேறு இரண்டு செய்திகள் உண்டு. நூறில் எண்பத்திரண்டு பேர் மின்சிகரட்டாலும் விடவில்லை. விட்டவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் ஒரு வருடத்தின் பின்னும் அந்தக் கருவியை விடவில்லை. ஒட்டுத்துண்டுப் பிரிவில் விட்டவர்களில் ஒரு வருடத்தின் பின்னும் அதைத் தொடர்ந்து பாவித்தோர் 9 சதவீதத்தினரே.

இதிலிருந்து நண்பருக்கு நான் எடுத்துச் சொன்னவை சில. ஆரம்பத்தில் நிக்கொட்டின் அளவைக் குறைத்து எடுப்பது நல்லபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் நாளுக்கு இருபது புகைத்தவருக்கு 3 மில்லிகிராம் திரவம் போதாது. ஓயாமல் இழுத்துவிட்டு மூன்றாம் நாள் பெட்டிக்கடைக்குப் போவார். பகலில் வேப், இரவில் சிகரட் என்று இரட்டைக் குதிரையில் சவாரி செய்பவருக்குக் கிடைக்கும் நன்மை மிகச் சொற்பம். பஞ்சு காய்ந்து கருகிய சுவை வந்தால் இழுக்கக்கூடாது, அப்போது அல்டிஹைட்டு நஞ்சுகள் உருவாகின்றன. திரவப் போத்தல் குழந்தை கைக்கு எட்டக்கூடாது. பேரப்பிள்ளை உள்ளவர் என்பதால் இதை இரண்டு முறை சொன்னேன்.

“சரி, அப்ப எங்க வாங்கிறது?” என்றார்.

இந்தக் கேள்வியில்தான் நான் தடுமாறினேன். இலண்டனில் ஒரு திரவத்தில் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் இருக்கக்கூடாது, போத்தல் 10 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது, விற்பனைக்கு முன் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று அரசுக்கு அறிவிக்கவேண்டும். ஒஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் மருந்தகத்தில் மட்டுமே விற்கலாம். இலங்கையில்? 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2016 இல் வந்த ஒழுங்குவிதி, ‘புகையிலை அடங்கிய’ மின்சிகரட்டுகளைத் தடைசெய்தது. புகையிலை அடங்கிய! திரவத்தில் இருப்பது இலையல்ல, நிக்கொட்டின். ஒரு சொல்லில் எத்தனை பெரிய துவாரம் என்பதைச் சட்டத்தரணிகள் சொல்லட்டும். என் வாழ்நாள் வேலை சொற்களைப் பார்ப்பது, எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. அச்சொல்லுக்கு அப்பால், தடை மேசைக்கு மேல் இருக்கிறது, பெட்டி மேசைக்குக் கீழ் இருக்கிறது. அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று சோதித்தவர் எவருமில்லை.

சோதிக்காத திரவம் என்ன செய்யும் என்பதற்கு 2019 இன் அமெரிக்கா சாட்சி. 2020 பெப்ரவரி வரையில் 2,807 பேர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனை சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68. கஞ்சாச் சத்துக் கலந்த திரவத்தைத் தடிப்பாக்க யாரோ சேர்த்த விற்றமின் ஈ அசற்றேற்றுத்தான் பிரதான காரணம் என்று கண்டார்கள். பெரும்பாலும் கடைக்கு வெளியே, கைக்குக் கை மாறியவை அவை. ‘எந்தக் கருவி நல்லது?’ என்று எங்கள் ஊரில் கேட்பது, முகவரி இல்லாத போத்தலில் வந்த கசிப்பில் எந்தக் குவளையில் குடித்தால் நல்லது என்று கேட்பதற்கு ஒப்பானது.

இதற்குள் நிற்கும் பணத்தையும் பாருங்கள். 2003 இல் நவீன மின்சிகரட்டை உருவாக்கிய சீன மருந்தாளர் ஹொன் லிக், நுரையீரல் புற்றுநோய்க்குத் தந்தையைப் பறிகொடுத்தவர். புகைப்பவருக்காகச் செய்தார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ஜூல் வந்தது. நிக்கொட்டின் உப்பு என்ற உத்தியால் தொண்டை எரியாமலே பெரிய அளவு நிக்கொட்டினை இறக்கலாம் என்று காட்டியது. தொண்டை எரிவு, பழகாதவனை விரட்டும் காவற்காரன். அந்தக் காவற்காரனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுத்தான் ‘புதியவர்களே வருக’ என்றார்கள். 2018 டிசெம்பரில் மார்ல்பரோ சிகரட்டின் உரிமையாளரான அல்ட்ரியா, ஜூலின் 35 சதவீதத்தை 12.8 பில்லியன் டொலருக்கு வாங்கியது. சிறுவர்களைக் குறிவைத்த விளம்பரம் தொடர்பான விசாரணைகளை முடிக்க, 2022 செப்டெம்பரில் ஜூல் 438.5 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. எங்கள் நாட்டில் சிகரட் விற்கும் கம்பனியின் பெரும்பங்கை வைத்திருக்கும் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, வெளிநாடுகளில் வியூஸ் என்ற பெயரில் மின்சிகரட்டும் விற்கிறது. தகப்பன் இறந்து போனால் ஒரு வாடிக்கையாளர் குறைவு. அந்த வெற்றிடத்துக்கு மகன் தேவை.

அரசையும் விடுவதற்கில்லை. சிகரட் பெட்டியின் 80 சதவீதத்தில் அழுகிய நுரையீரலின் படம் போட்டாயிற்று, நல்லது. ஆனால் பெட்டிக்கடையில் பெட்டியா விற்கிறார்கள்? ஒவ்வொன்றாக உருவிக் கொடுக்கிறார்கள், படத்தைப் பார்ப்பவர் கடைக்காரர் மட்டுமே. 2021 இல் உலக சுகாதார ஸ்தாபனம் புகைத்தலை விட உதவும் வரனிக்கிளின், பியூப்றோபியோன் ஆகியவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. என் நண்பரின் நெஞ்சுப் படத்தைப் பார்த்தவர் அவற்றில் ஒன்றின் பெயரைத்தானும் உச்சரித்திருக்கலாம். கட்டணமில்லாத ஒரு சொல்தானே.

நண்பரிடம் சொல்லிவிட்டேன்: “நீர் இஞ்சை வாங்கவேண்டாம். இலண்டனிலை இருந்தால் வாங்கும் எண்டு சொல்லியிருப்பன்.” சிறிது நேரம் மௌனம். பிறகு, “அப்ப எனக்கு ஒண்டும் இல்லையோ?” என்றார். புகைத்தலை விட விரும்புவோருக்கான அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்தைக் கொடுத்தேன். சுதந்திரம் கிடைத்த ஆண்டு என்று சொன்னதும் சிரித்தார். இருமல் வந்து சிரிப்பு பாதியில் நின்றது. வேறொரு மருத்துவரிடம் வரும் செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போவதாக ஏற்பாடு.

பையனோடும் பேசினேன். திட்டவில்லை. ‘இதில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பெட்டியில் இருந்த எண்ணையும் நம்ப முடியாது என்றேன். பாடசாலை இடைவேளையில் அது இல்லாமல் கை நடுங்குகிறது என்று தாய் வெளியே போனபின் மெதுவாகச் சொன்னான். நான்கு மாதமாம். அவனுக்கும் ஒரு மருத்துவர் வேண்டும், இதைத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கருவி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. உள்ளே லிதியம் பற்றறி இருப்பதால் குப்பையோடு போட முடியாது, எரிக்கவும் முடியாது. மாநகரசபைக்குத் தொலைபேசி எடுத்து எங்கே கொடுப்பது என்று கேட்டேன். என்ன பொருள் என்று கேட்டார்கள். சொன்னேன். “அது தடைசெய்யப்பட்டதாச்சே ஐயா, உங்களிட்டை எப்படி வந்தது?” என்றார்கள்.