காசு கட்டுமுன் கேளுங்கள்



சென்ற மாதம் ஒரு தங்கை என்னிடம் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தாள். போரில் கணவனை இழந்தவள். இரண்டு பிள்ளைகளின் தாய். தோட்டை அடகு வைத்து ஆறு மாதம் இணையத்தள வடிவமைப்புப் படித்திருக்கிறாள். "அக்கா, வேலை கேட்டுப் போன இடத்தில இது செல்லாதெண்டு சொல்லிப்போட்டினம்" என்று அழுதாள். அவள் படித்த நிலையம் பதிவில்லாதது.

காசு கட்டுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? பாடநெறி தேசிய தொழிற் தகைமையின் எத்தனையாம் மட்டம்? அதில் 7 மட்டங்கள் உள்ளன. 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குரியது.

அவள் கற்றது வீணல்ல. எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ். எழுதிப் பழகக் கணினியில் உள்ள நோட்பேட் போதும். இணைய இணைப்பும் தேவையில்லை. எங்கள் மாதர் சங்கக் கணினியில் இருந்து, பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண்களுக்காகப் படமும் விலையுமாகத் தமிழில் ஒரு பக்கம் செய்து காட்டினாள். கைத்தேர்ச்சி உள்ளவர்கள் மீண்டும் வகுப்புக்குப் போகாமல், மதிப்பீட்டுக்குத் தோற்றித் தேசிய தொழிற் தகைமை பெறும் வழியும் உண்டு. அதைப்பற்றி விசாரிக்க இருவரும் அடுத்த கிழமை போகிறோம்.

சகோதரிகளே, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். கட்டுவது உங்கள் காசு.