மீசையற்ற நாயகர்கள்: ஒரு மறுப்புரை

இளையோர் விரும்பும் புதுச்சுவை எதுவாயினும் அதற்கு நோய் என்று பெயர் சூட்டுவது மூத்தோரின் நெடுநாள் வழக்கம். நாவல் பிறந்தபோது பெண்கள் அதைப் படித்துக் கெடுவர் என்றனர். திரைப்படம் வந்தபோது ஊரே கெடும் என்றனர். இன்று அந்தப் பழி, மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் மேல், அவற்றுள்ளும் பெண்களுக்கென்றே வரையப்படும் காதற்கதைகளின் மேல் வந்து விழுந்திருக்கிறது. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம் குடும்பங்களில் மகள் கையிலிருக்கும் புத்தகத்தை எட்டிப் பார்க்கும் பெரியவர் முதலில் கேட்கும் கேள்வி, “இவன் ஆணா, பெண்ணா?” என்பதே.

அந்தக் கேள்வியை நாம் பொருட்படுத்தாமல் விடவில்லை. அதனுள் மூன்று குற்றச்சாட்டுகள் ஒளிந்திருக்கின்றன. இத்தகைய நாயகர்கள் நேற்று முளைத்த சீர்கேடு என்பது ஒன்று. இவர்களை விரும்பும் பெண்கள் ஆண்மை இன்னதென அறியாத பேதைகள் என்பது இரண்டு. இக்கதைகள் நம் பையன்களைக் கோழைகளாக்கும் என்பது மூன்று. இம்மூன்றும் பிழை என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேற்று முளைத்ததா?

நீண்ட இமை, ஒளி ததும்பும் அகன்ற கண், தோளில் புரளும் கூந்தல், மெலிந்த உடல். மீசையோ புடைத்த புயமோ இல்லை. இந்த நாயகனை ஜப்பானியர் ‘பிஷோனென்’ என்பர். ‘அழகிய இளைஞன்’ என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள்.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசவைப் பெண்மணி முராசாகி ஷிகிபு இயற்றிய ‘கெஞ்சியின் கதை’யே இவன் பிறந்த வீடு. அக்காவிய நாயகன் கெஞ்சி ‘ஒளி பொருந்தியவன்’ என்று போற்றப்படுகிறான். மழையிரவொன்றில் நண்பர்கள் கூடிப் பெண்களைப் பற்றி உரையாடும்போது, சாய்ந்திருக்கும் அவனது எழிலைக் கண்டு, இவனைப் பெண்ணாகக் காண மாட்டோமா என்று அவர்களுக்கே தோன்றுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கதையான ‘தோரிகாயேபாயா’வில் உடன்பிறந்த ஆண் ஒருவனும் பெண் ஒருத்தியும் தத்தம் பாலை மாற்றிக்கொண்டு அரசவையில் வாழ்கின்றனர். 1629இல் கபுகி மேடையிலிருந்து பெண்கள் விலக்கப்பட்ட பின் ஆடவரே பெண் வேடம் தாங்கினர். அக்கலையில் தேர்ந்தோர் பெரும்புகழ் எய்தினர்.

இருபதாம் நூற்றாண்டில் இதன் மறுபக்கம் தோன்றியது. கோபயாஷி இச்சிசோ என்ற இரயில்வே அதிபர், தம் பாதை சென்று முடியும் தகரசூகா வெந்நீரூற்று நகருக்கு மக்களை ஈர்க்கும் பொருட்டு 1913இல் பெண்கள் மட்டுமே அடங்கிய கலைக்குழு ஒன்றை அமைத்தார். 1914இல் முதல் நிகழ்ச்சி நடந்தது. அக்குழு இன்றும் இயங்குகிறது. அதில் ஆண் வேடம் புனையும் நடிகையரே பெரும் நட்சத்திரங்கள். அவர்களைக் கொண்டாடுவோரில் மிகப் பலர் பெண்கள். தமிழருக்கு இது வியப்பாகத் தோன்றத் தேவையில்லை. 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் அல்லரோ? பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் சிறுவர்கள் புடவை கட்டிக் கதாநாயகியரானதை நம் பாட்டனார் கண்டு மகிழவில்லையோ? தன் வீட்டு மேடையில் கலை என்று கைதட்டியதை அயல்வீட்டு மேடையில் சீர்கேடு என்பது நேர்மையாகாது.

தகரசூகா நகரில் வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் தெசுகா ஒசாமு. அக்கலைக்குழுவின் நிகழ்ச்சிகளைப் பார்த்து வளர்ந்த அவர், 1953இல் ஒரு பெண்கள் இதழில் ‘ரிபன் அணிந்த வீரன்’ என்னும் தொடரைத் தொடங்கினார். ஆண் மகவே அரியணை ஏறலாம் என்ற நாட்டில், இளவரசனாக வளர்க்கப்படும் சஃபையர் என்ற பெண்ணின் கதை அது. ஆணின் நெஞ்சம் ஒன்றும் பெண்ணின் நெஞ்சம் ஒன்றுமாக இரு நெஞ்சங்களோடு பிறந்தவள் அவள். பின்வந்த கதைகள் பலவற்றுக்கு அவளே மூத்தாள். ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சியுள்ள ஒரு மரபை நேற்றைய காளான் என்பவர், வரலாற்றைப் புரட்டிப் பார்க்காதவர்.

வரைந்த கை எவருடையது?

இரண்டாம் குற்றச்சாட்டே முதன்மையானது. அதற்கு விடை காண, இக்கதைகளை வரைந்தவர் யார் என்பதை முதலில் நோக்க வேண்டும்.

1950களிலும் 60களின் பெரும்பகுதியிலும் ஜப்பானியப் பெண்கள் இதழ்களில் சித்திரக்கதை வரைந்தோருள் மிகுதியானோர் ஆடவரே. தாயைப் பிரிந்து ஏங்கும் மகள், துயரத்தைப் பொறுத்துப் பொறுத்துக் கண்ணீர் வடிக்கும் அநாதைச் சிறுமி ஆகியோரே அக்கதைகளில் மீண்டும் மீண்டும் வந்தனர். 1970களில் இந்நிலை மாறிற்று. ஷோவா ஆண்டுக் கணக்கில் 24 ஆன 1949ஐ ஒட்டிப் பிறந்த இளம்பெண்கள் சிலர் இத்துறையைத் தம் கைக்குக் கொணர்ந்தனர். ‘இருபத்து நான்காம் ஆண்டுக் குழுவினர்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அவர்களுள் ஹாகியோ மோட்டோ, தகேமியா கெய்கோ, ஓஷிமா யுமிகோ ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். ஜெர்மானிய ஆண்கள் விடுதிப்பள்ளி ஒன்றில் ஒரு மாணவனின் மரணத்தோடு தொடங்கும் ‘தோமாவின் இதயம்’ என்ற தொடரை ஹாகியோ 1974இல் எழுதினார். தகேமியா தம் ‘காற்றும் மரமும் பாடும் பாட்டு’ என்ற படைப்பை வெளியிட ஆசிரியர்கள் உடன்படாமையால் பல்லாண்டு காத்திருந்து, 1976இல் தொடங்கினார்.

எழுதுகோல் பெண்ணின் கைக்கு வந்ததும் நாயகனின் முகம் மாறிற்று. இதைத் தற்செயல் என்று எவரேனும் கூறுவரோ? ஒரு பெண் தன் மனத்திற்கு உகந்த ஆடவனைத் தானே வரையும் உரிமை பெற்றபோது, அவள் வரைந்தது புடைத்த புயத்தையன்று. பேசும் கண்ணையே வரைந்தாள். எனவே “இப்பெண்களுக்கு ஆண்மை தெரியாது” என்பவருக்கு நாம் கூறும் மறுமொழி இது: அவர்களுக்கு ஆண்மை நன்றாகத் தெரியும். தெரிந்ததனாலேயே வேறொன்றை வரைந்தனர்.

ஈர்ப்பின் காரணங்கள்

முதற்காரணம் அச்சமின்மை. பேருந்திலும் கடைத்தெருவிலும் ஆடவரின் உடல் வலியைப் பெண் எங்ஙனம் உணர்கிறாள் என்பதை விளக்கத் தேவையில்லை. தன்னைவிடப் பெருத்தது, தன்னை அடக்க வல்லது என்னும் உணர்வு பதினைந்து வயதிற்குள் அவளுக்குப் பழகிவிடுகிறது. காதலைப் பற்றிக் கனவு காணத் தொடங்கும் அதே வயதில் அச்சத்தையும் கற்க நேர்கிறது. தன்னையொத்த மென்மையான உடலும் தன்னையொத்த முகமும் கொண்ட நாயகன், அந்த அச்சத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கதைக்குள் வருகிறான். அவனை அவள் அஞ்சாமல் நோக்கலாம்.

இரண்டாம் காரணம் உள்ளம் வெளிப்படுதல். இக்கதைகளின் வரைமுறையே தனித்தன்மை வாய்ந்தது. மாந்தர் வாய்விட்டுப் பேசுவது குமிழிக்குள் நிற்க, மனத்துள் எழுவது குமிழியின்றிப் படத்தின் மீதே வரிவரியாய் மிதக்கும். பின்புலத்தில் மலர்கள் சொரியும். கட்டங்களின் எல்லைக்கோடுகள் கரைந்து மறையும். கண்ணே கதை சொல்லும் கருவி. இறுகிய தாடையும் அசையாத முகமும் கொண்ட வீரனுக்கு இவ்வரைமுறையில் இடமேது? அழத் தெரிந்தவனும் தயங்கத் தெரிந்தவனும் தன் துயரைத் தனக்கேனும் ஒப்புக்கொள்பவனுமே இங்கு நாயகனாக முடியும். பெண்கள் அவனை விரும்புவது அவன் பெண் போலிருப்பதனாலன்று. அவன் மனம் மூடிய கதவாக இல்லை என்பதனாலேயே.

மூன்றாம் காரணம் நோக்கும் உரிமை. காலங்காலமாக ஆண் நோக்கினான், பெண் நோக்கப்பட்டாள். நம் உலா இலக்கியத்தில் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குகின்றனர் என்பது உண்மையே. ஆயின் அந்த மயக்கத்தை இயற்றியோர் ஆண்பாற் புலவர்களே. பெண் தன் ஆசையைத் தன் குரலிலேயே பாடியதற்குச் சங்ககால வெள்ளிவீதியாரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஜப்பானியச் சித்திரக்கதையில் பெண் எழுதுகிறாள், பெண் படிக்கிறாள், ஆணின் அழகு நடுவே வைத்து நோக்கப்படுகிறது. மூத்தோர் சிலருக்கு உறுத்துவது நாயகனின் நீண்ட கூந்தலன்று. மகளின் நிமிர்ந்த பார்வையே என்று நாம் ஐயுறுகிறோம்.

நான்காம் காரணம் ஒப்புமை. இதற்குச் சிறந்த சான்று இகேடா ரியோகோ 1972, 73ஆம் ஆண்டுகளில் ‘மார்கரெட்’ இதழில் எழுதிய ‘வெர்சாய் ரோஜா’. பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்தின் கதையாகத் தொடங்கிய அத்தொடரில், படைத்தலைவர் ஒருவரின் மகளாய்ப் பிறந்து மகனைப் போல் வளர்க்கப்பட்டு, அரசியின் காவற்படைக்குத் தலைமை தாங்கும் ஆஸ்கர் என்பவளே வாசகியரின் நெஞ்சைக் கவர்ந்து முன்னிலைக்கு வந்தாள். 1974இல் தகரசூகா குழு அதனை மேடையேற்றிப் பெருவெற்றி கண்டது. ஆஸ்கரின் காதலைப் பெறுபவன் எவன்? அவளுடன் வளர்ந்த பணியாளன் ஆந்திரே. அவன் அவளது வாளைப் பறிக்கவில்லை. சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டிலிரு என்று கூறவில்லை. அவள் அவளாகவே இருக்க, அருகில் நின்றான். ஆஸ்கர் தன் பதவியைத் துறந்து மக்கள் பக்கம் சேர்ந்து, 1789 ஜூலை 14 அன்று பாஸ்தீல் கோட்டை வீழும் நாளில் உயிர் துறக்கிறாள். வேலைவாய்ப்பில் ஆண் பெண் சமவாய்ப்புச் சட்டம் ஜப்பானில் இயற்றப்பட்டது 1985இல்தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே சிறுமியர் அக்கனவைச் சித்திரக்கதையில் கண்டுவிட்டனர். அதை நோய் என்பதா, முன்னறிவு என்பதா?

துதிபாடுவோருக்கும் ஒரு சொல்

மூத்தோரை மட்டும் கண்டித்து முடித்தால் நாம் ஒருபக்கச் சான்றாளராவோம். இந்நாயகர்களை விடுதலையின் வடிவம் என்று துதிப்போருக்கும் கூற வேண்டியது உண்டு.

அழகிய முகம் மெல்லிய நெஞ்சிற்கு உறுதிமொழி அன்று. காமியோ யோகோ 1992 முதல் எழுதிய ‘ஹனா யோரி டாங்கோ’வை எடுத்துக்கொள்வோம். தைவானில் 2001லும் கொரியாவில் 2009லும் தொலைக்காட்சித் தொடராகி ஆசியா முழுதும் பரவிய கதை அது. அதன் நான்கு செல்வ இளைஞர்களும் மலர் போன்றோர் என்று போற்றப்படுவோர். ஆனால் ஏழை மாணவியை அவர்கள் பள்ளி முழுவதையும் ஏவித் துன்புறுத்துவதே கதையின் தொடக்கம். துன்புறுத்தியவனே பின்னர்க் காதலனாகிறான். முகம் புதிது, முறை பழையது! மீசையை மழித்துவிட்டு ஆணவத்தை வைத்துக்கொண்டால் அது சீர்திருத்தமாகுமா?

இன்னுமொரு குறை. இளைஞர் இருவரின் காதலைப் பேசும் கதைகள் பலவற்றில் பெண்ணே காணாமற் போகிறாள். ஹாகியோ தம் பள்ளிக்கதை ஒன்றை முதலில் பெண்கள் பள்ளியில் அமைத்துப் பார்த்து, அது கைகூடாமல் ஆண்கள் பள்ளிக்கு மாற்றினார் என்பர். பெண்ணுடல் என்றால் உடனே சுமத்தப்படும் கட்டுப்பாடுகளிலிருந்து விலகி அன்பை எண்ணிப் பார்க்க அது வழி செய்தது என்பது மெய். எனினும், விடுதலையாகப் பேசுவதற்கு ஒரு பெண் ஆணுருவைக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பது கொண்டாடத்தக்க செய்தியன்று, சிந்திக்கத்தக்க செய்தி. ஆகவே நாம் போற்றுவது கன்னத்தின் வழவழப்பை அன்று, ஆந்திரேயின் நடத்தையை.

பையன்கள் கெடுவரோ?

மூன்றாம் குற்றச்சாட்டு நீண்ட விடைக்கு உரியதன்று. பிஷோனென் பிறந்த அதே ஜப்பானில் 1968 முதல் ‘ஷோனென் ஜம்ப்’ போன்ற இதழ்கள் போரும் போட்டியும் நிறைந்த கதைகளை இலட்சக்கணக்கில் விற்று வருகின்றன. ஒன்றின் இருப்பு மற்றொன்றை அழித்துவிடவில்லை.

நாம் திருப்பிக் கேட்க விரும்புவது வேறு. நாயகியை அறைந்து வழிக்குக் கொண்டுவரும் நாயகனைக் கண்டு அரங்கம் கைதட்டிய படங்களுக்குக் குடும்பத்தோடு சென்றவர்கள் நாம். அப்போது நம் பையன்களின் கதி என்னாகுமோ என்று கவலைப்பட்டவர் எத்தனை பேர்? கீழே விழுந்து அழும் ஐந்து வயது மகனிடம் “பெண்பிள்ளை போல் அழாதே” என்கிறோம். ஒரே வாக்கியத்தில் மகனின் கண்ணீரையும் மகளின் மதிப்பையும் ஒருங்கே இழிவுபடுத்துகிறோம். அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த மகன் முப்பது வயதில் மனைவியிடம் மனம் திறந்து பேச இயலாமல் நிற்கும்போது, எந்தச் சித்திரக்கதையின் மேல் பழி போடுவது? குரல் மென்மையாய் அமைந்த பையனை உறவினர் கூட்டத்தில் நடித்துக் காட்டிச் சிரிக்கும் வழக்கத்தை விட்டொழிக்காமல், புத்தகத்தைப் பறிப்பதால் ஆவது ஒன்றுமில்லை. காகிதத்து மென்மையைக் கொண்டாடிவிட்டு, வகுப்பில் உடன் பயிலும் மென்மையான பையனைக் கேலி செய்யும் வாசகியரும் இக்கண்டனத்திற்கு விலக்கல்லர்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. அயல்மொழிச் சூழலில் வளரும் பிள்ளைகள் பல நாட்டுக் கதைகளையும் படிப்பர், படிக்கத்தான் வேண்டும். அவர்கள் கையிலிருப்பதைப் பறித்தால் அவர்கள் மறைத்துப் படிப்பர். நம்மிடம் பேசுவதை நிறுத்துவர். அவ்விழப்பு தமிழை மறப்பதினும் பெரிது.

ஆதலின் பெற்றோரை நாம் வேண்டுவது ஒன்றே. “இவன் ஆணா, பெண்ணா?” என்ற கேள்வியை விடுத்து, “இவனிடம் உனக்குப் பிடித்தது எது?” என்று கேளுங்கள். கிடைக்கும் விடையில் உங்கள் மகள் எத்தகைய வாழ்க்கைத்துணையை நாடுகிறாள் என்பது தெரியவரும். அவ்விடையை மகனும் அருகிலிருந்து கேட்கட்டும். ஆண்மைக்கு இலக்கணம் வகுக்கும் உரிமை ஆடவர்க்கு மட்டுமே உரியதன்று என்பதை அவன் இளமையிலேயே அறிந்துகொள்வது, அவனுக்கும் அவன் கைப்பிடிக்கப் போகும் பெண்ணுக்கும் நன்று.